மகுடேஸ்வரியின் முகத்துக்கு மண்டகப்படி

நெருஞ்சிப்பாளையத்து வெயில் வானத்திலிருந்து வருவதில்லை, அது தறிக்கொட்டகைகளின் சிமெண்ட் ஓட்டிலேயே முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துக் குடும்பம் நடத்துகிறது என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வார்கள். அப்படிப்பட்ட ஊரில் ஒரு பங்குனி மாதத்து உச்சிவேளையில், அறுந்துபோன பாவு நூலைக் குனிந்து முடிந்துகொண்டிருந்த மகுடேஸ்வரியின் முகம் திடீரென்று சிவந்தது, அது சிவந்த அதே நேரத்தில் கொட்டகைக்குள் இருந்த எல்லோருக்கும் குளிர்ந்தது.

ஆற்றுக்காற்று திசை திரும்பியிருக்கிறது என்று முதல் நாள் பேசிக்கொண்டார்கள். மறுநாளும் அப்படியே நடந்தது, அதற்கு மறுநாளும் நடந்தது, அவள் முகம் சிவக்கும்போதெல்லாம் தெரு குளிர்வதும் முகம் ஆறும்போது தெரு கொதிப்பதுமாக ஒரு வாரம் ஓடிய பிறகு, காற்றுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரிந்துவிட்டது. மகுடேஸ்வரி மாநிறம், ஆகவே அந்தச் சிவப்பு ரோஜாப்பூச் சிவப்பாக இல்லாமல் புளி போட்டுத் தேய்த்த செம்புக்குடத்தின் நிறத்தில் இருந்தது. ஊருக்குக் குளிர்ந்தபோது அவளுக்கு மிளகாய் அரைத்த கையால் முகத்தைத் தடவியது போல எரிந்தது, கண்களுக்குள் மணல் விழுந்தது போல உறுத்தியது, மூக்கின் இரண்டு பக்கமும் கன்னத்திலும் மெல்லிய சிவப்பு நூல்கள் ஓடின, நூலிலேயே பிறந்து நூலிலேயே வளர்ந்த ஊர் என்பதால் எல்லோரும் கிட்டே வந்து நின்று அந்த நூல்களை நிதானமாகப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

முகம் சிவந்து பரு பருவாகப் பொரிந்தால் அது அம்மைதான் என்பது அந்த ஊரின் முடிவு. வாசலில் வேப்பிலை செருகினார்கள், வீட்டில் தாளிப்பதை நிறுத்தினார்கள், அவளைத் தலைவாழை இலையில் படுக்கவைத்து இளநீர் கொடுத்தார்கள், பிறகு நல்ல நாள் பார்த்து மூன்று தண்ணீர் ஊற்றினார்கள். மூன்று தண்ணீர் ஊற்றினால் எந்த அம்மையும் இறங்கிவிடும், இது இறங்கவில்லை. கோயில் தர்மகர்த்தா அர்த்தநாரி தாடையைத் தடவிக்கொண்டு யோசித்தார், மாரியாத்தா இந்த முறை வந்துவிட்டுப் போவதாக இல்லை, ஊர் வெயிலையெல்லாம் இந்தப் பொம்பளையின் முகத்தின் வழியாகக் குடித்துக்கொண்டு இங்கேயே இருப்பதாக உத்தேசம் என்று சொன்னார். ஏன், எப்படி என்று யாரும் கேட்கவில்லை. குளிர்காற்று வீசும்போது காரணம் கேட்கிறவன் நெருஞ்சிப்பாளையத்தில் அதுவரை பிறந்திருக்கவில்லை.

வெயில் காய்ந்தால் நூல் அறும், நூல் அறுந்தால் தறி நிற்கும், அதற்காகவே அந்த ஊரில் தறிக்கு அடியில் ஈரச்சாக்கு விரித்துப் பொழுதன்னிக்கும் தண்ணீர் தெளித்துக்கொண்டிருப்பார்கள். அந்தச் சாக்குகள் எல்லாம் அந்த வருஷம் காய்ந்து மடித்துப் பரணுக்குப் போயின. குழந்தைகளுக்கு வேர்க்குரு வரவில்லை, கிழவர்கள் சித்திரையில் சாகவில்லை, ஐஸ் வண்டிக்காரர் மணியடித்து அலுத்துப்போய் வேறு ஊர் பார்த்துப் போனார், அவர் போன பாதையிலேயே கம்பளி விற்கிறவர் வந்து கத்திரி வெயில் மாதத்தில் நல்ல வியாபாரம் பார்த்துவிட்டுப் போனார். மகுடேஸ்வரி வீட்டுத் தெருவில் கட்டில்கள் பெருகின. கல்யாண நிச்சயம் செய்கிறவர்கள் அவள் வீட்டு வாசலில் பாய் விரித்தார்கள், சீட்டாட்டக்காரர்கள் வேப்பமரத்தடியை விட்டுவிட்டு அவள் ஜன்னலுக்குக் கீழே வந்து உட்கார்ந்தார்கள், ஊரில் வாடகைக்கு வீடு தேடுகிறவன்கூட மகுடம் வீட்டுக்கு எத்தனை தூரம் என்றுதான் முதலில் விசாரித்தான்.

ஆரம்பத்தில் அவளுக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. அவளுக்கும் அவள் புருஷன் குழந்தைவேலுக்கும் பிள்ளை இல்லை, விசேஷங்களில் ஆலாத்தி எடுக்க அவளை யாரும் கூப்பிட்டதில்லை, அப்படிப்பட்டவளை இப்போது ஊரே கூப்பிட்டது. ஆனால் அவள் முகம் தானாக ஒரு நாள் சிவந்தது, ஒரு நாள் சிவக்கவில்லை, ஊருக்கோ தினமும் வேண்டியிருந்தது. எதெது அவள் முகத்தைச் சிவக்க வைக்கிறது என்று ஊர் கவனிக்க ஆரம்பித்தது. உச்சி வெயிலில் நின்றால் சிவந்தது, அடுப்பு அனலில் சிவந்தது, கொதிக்கிற டீ குடித்தால், காரம் தின்றால் சிவந்தது, வெட்கப்பட்டால், கோபப்பட்டால், அழுதால் இன்னும் நன்றாகச் சிவந்தது. கண்டுபிடித்ததை வீணாக்குகிற ஊர் அது அல்ல.

மாரியம்மன் திருவிழாவில் ஒரு நாளைக்கு ஒரு வகையறா என்று மண்டகப்படி உண்டு, அன்றைய அலங்காரமும் பூஜையும் சுண்டலும் அவர்கள் பொறுப்பு. அர்த்தநாரி அதே முறையை மகுடேஸ்வரியின் முகத்துக்கும் வைத்தார். ஒரு வீட்டு முறையில் மிளகு ரசம் ஆவி பறக்க வந்தது, அடுத்த வீட்டு முறையில் மிளகாய் பஜ்ஜி வந்தது, ஒரு வகையறாவில் சமைக்கத் தெரிந்த ஆள் இல்லாததால் அவர்கள் பச்சை பச்சையாகப் பேசுகிற ஒரு மாமனைக் கூட்டிவந்து அவள் முன்னால் உட்காரவைத்தார்கள், அவர் பேசிய பேச்சில் அன்று தெருவுக்கே போர்வை தேவைப்பட்டது. மகுடத்தைச் சிரிக்க வைக்கலாம், வெட்கப்பட வைக்கலாம், கோபப்பட வைக்கலாம், அழ வைக்கலாம், கை மட்டும் வைக்கக்கூடாது என்று கோயில் வாசலில் பேசி முடிவு செய்தார்கள். நியாயமான ஊர் என்று அவர்களே தங்களைப் பாராட்டிக்கொண்டார்கள்.

எரிச்சல் தாளாமல் குழந்தைவேல் ஊர் மருந்துக்கடையில் கேட்டு ஒரு வெள்ளைக் களிம்பு வாங்கி வந்து தடவினான். சில நாள் முகம் பளிங்கு மாதிரி ஆறிப்போயிற்று, ஊர் வெந்துபோய் அவன் வாசலில் வந்து நின்றது. பிறகு களிம்பை நிறுத்தியதும் முகம் முன்னைவிட இரண்டு மடங்காகச் சிவந்தது, மறுபடி தடவினால் மறுபடி கொஞ்சம் ஆறி, அடுத்த தடவை ஒரேயடியாகப் பொரிந்தது, அதன் பிறகு அந்தக் களிம்பு தடவினாலும் சிவந்தது, தடவாவிட்டாலும் சிவந்தது. ஊர் இதையும் கவனித்து வைத்துக்கொண்டது.

மாசி மாதத்தில் எதிர்வீட்டு நல்லம்மாளின் முறை வந்தது. நல்லம்மாள் கெட்டவள் இல்லை, மகுடேஸ்வரிக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தவள், ஆனால் அன்று அவள் வீட்டில் மிளகும் இல்லை, மிளகாயும் இல்லை. அவள் வாசல்படியில் வந்து நின்று, வயிறு திறக்காதவளுக்கு ஊர் வெயில் தாங்கவாவது கொடுத்துவைத்திருக்கிறதே என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். மகுடேஸ்வரியின் முகம் எரிந்தது, தெரு குளிர்ந்தது, நல்லம்மாள் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, மனசுல வெச்சுக்காத கண்ணு, முறைக்காகத்தான் சொன்னேன் என்று கன்னத்தைத் தொட்டாள். சொன்ன சொல்லைவிட அந்த மோர்தான் மகுடேஸ்வரிக்குத் தாங்கவில்லை. அடுத்த நாளே குழந்தைவேலை அழைத்துக்கொண்டு ஈரோட்டுக்குத் தோல் டாக்டரிடம் போனாள்.

டாக்டர் ஹெப்சிபா அதிகம் சிரிக்காத பெண்மணி, விளக்கை இழுத்துவைத்து மகுடேஸ்வரியின் முகத்தைப் பக்கத்தில் வந்து பார்த்தார், கண் இமையைத் தூக்கிப் பார்த்தார், கன்னத்தை விரலால் அழுத்தி, விட்டுப் பார்த்தார். இதற்கு ரோசேசியா என்று பேர் என்றார். அம்மையில்லை, தொற்றுகிற வியாதியுமில்லை, முகத்துத் தோலுக்கடியில் இருக்கிற ரத்தக் குழாய்கள் சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் விரிந்துகொள்கின்றன, வெள்ளைத்தோலில் பளிச்சென்று தெரிகிற சிவப்பு நம் நிறத்தில் மங்கித் தெரிவதால் பரு என்றும் அம்மை என்றும் நினைத்து வருஷக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள் என்று விளக்கினார். முகம் சிவந்தால் ஊர் குளிர்கிறது என்று குழந்தைவேல் சொன்னதையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார், அது தன் படிப்பில் வரவில்லை, எரிச்சல் வருகிறதா என்பதுதான் தனக்கு முக்கியம் என்றார்.

"அடியோட போயிரும்னு சொல்லமாட்டேன்," என்றார். "ஆனா அடக்கி வைக்கலாம். எது உங்களைத் தூண்டுதோ அதுகிட்ட இருந்து நீங்க விலகி இருக்கணும். வெயில், காரம், கொதிக்கக் கொதிக்கக் குடிக்கிறது, மனசு கொதிக்கிறது, எல்லாந்தான். அந்தக் கடைக் களிம்பு ஸ்டீராய்டு, அதை இனிமே கண்ணாலகூடப் பாக்கக்கூடாது. தனக்கு மிஞ்சித்தான் தானம் மகுடேஸ்வரி."

வெயிலுக்குப் பூச ஒன்று, படுக்கப்போகும்போது தடவ ஒரு வெள்ளைக் களிம்பு, கண்ணுக்குச் சொட்டு மருந்து, முகம் கழுவக் காரமில்லாத சோப்பு என்று எழுதிக் கொடுத்தார். மகுடேஸ்வரி அன்றிலிருந்து கதவைச் சாத்தினாள். ரசம் வந்தால் வாசலோடு திரும்பிப் போயிற்று, பஜ்ஜியைக் காக்கைக்குப் போட்டாள், பச்சைப்பேச்சு மாமா ஜன்னலுக்கு வெளியே நின்று பேசிப் பேசிப் பார்த்துத் தொண்டை கட்டிப் போனார். டீயை ஆறவைத்துக் குடித்தாள், வெளியே போனால் குடையோடு போனாள், ஒரு நாள் முகம் எரிந்தால் முந்தின நாள் என்ன சாப்பிட்டோம், எங்கே நின்றோம், யாரோடு பேசினோம் என்று பின்னோக்கி யோசித்துக் காரணத்தைக் கண்டுபிடித்தாள்.

இதிலெல்லாம் அவளுக்குத் துணையாக இருந்தது குழந்தைவேல் ஒருவன்தான். காரமில்லாமல் உள்ளே இறங்காத நாக்கு அவனுடையது, அவளோடு சேர்ந்து பச்சைமிளகாயைக்கூட விட்டான். முறை சொல்லிக்கொண்டு வந்தவர்களை வாசலிலேயே மறித்துத் திருப்பி அனுப்பினான். கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தால் அவளுக்கு அழுகை வந்தது, அழுதால் சிவந்தது, ஆகவே அவன் கண்ணாடியைச் சுவரோடு திருப்பி மாட்டிவிட்டு, களிம்பைத் தானே தடவிவிடுகிறேன் என்றான். தினமும் படுக்கப்போகும் முன் கையை நன்றாகக் கழுவித் துடைத்துக்கொண்டு, இழை அறாமல் நூலைத் தொடுகிற அதே விரலால், கன்னத்திலும் நெற்றியிலும் மூக்கோரத்திலும் பொட்டுப் பொட்டாக வைத்துத் தடவிவிடுவான். அவள் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஊரே எதிர்த்து நின்றாலும் இந்த ஒரு விரல் போதும் என்று அவளுக்குத் தோன்றும்.

பங்குனி பாதியில் முகம் ஆறியது. கண் உறுத்தல் போயிற்று, சிவப்பு நூல்கள் மங்கின, தொட்டால் தோல் தோலாக இருந்தது. ஊர் வெந்தது. பரணிலிருந்து சாக்குகள் இறங்கின, தண்ணீர் தெளித்துத் தெளித்துக் கை ஓய்ந்தது, அப்படியும் நூல் அறுந்தது, ஒரு வருஷமாகக் குளிர்ச்சிக்குப் பழகிவிட்ட உடம்புகளுக்குப் பழைய வெயில் புது வெயிலாகச் சுட்டது. அர்த்தநாரி வந்து ஜன்னல் வழியாகப் பேசினார், ஒரு ஊருக்காக ஒரு முகம் வாடுவது பெரிய பாவமில்லை என்றார். மகுடேஸ்வரி ஜன்னலைச் சாத்தினாள். கத்திரி வெயில் பிறந்த அன்று நல்லம்மாள் தன் பேரனைத் தூக்கிவந்தாள், குழந்தையின் தலை முழுக்க வேனல் கட்டி, அவனை மகுடேஸ்வரியின் வாசல்படியில் கிடத்திவிட்டு எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டாள். குழந்தை அழுதது. மகுடேஸ்வரி துணியை நனைத்துக் குழந்தையின் தலையில் போட்டு, அது தூங்கும் வரை விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், மறுபடி ரசத்தைக் குடித்துவிடலாமா என்றுகூட நினைத்தாள். குழந்தைவேல்தான் தடுத்தான்.

"நீ உன்ர மொகத்தப் பாரு அம்மிணி," என்றான். "ஊரு கெடக்குது."

அந்த வார்த்தையை அவள் நகை மாதிரி எடுத்து வைத்துக்கொண்டாள்.

அன்று மாலை குழந்தைவேலைக் கோயிலுக்குக் கூப்பிட்டுப் பேசினார்கள். திரும்பி வந்தவன், என்ன பேசினாங்க என்று அவள் கேட்டதற்கு, என்ன பேசுவாங்க, வெயிலப் பத்தித்தான் என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். ஒன்றிரண்டு வாரத்தில் அவள் முகம் மறுபடி பொரிய ஆரம்பித்தது. மூக்கோரத்திலும் வாயைச் சுற்றியும் புதிது புதிதாகக் கிளம்பியது, தோல் வெங்காயச் சருகு போல மெலிந்தது, காற்றுப் பட்டால்கூட எரிந்தது. மகுடேஸ்வரி தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டாள். உப்பைக் குறைத்தாள், புளியை விட்டாள், சத்தமாகச் சிரிப்பதை விட்டாள், கெட்ட கனவு கண்டதற்காகக்கூடத் தன்னைத் திட்டிக்கொண்டாள். குழந்தைவேல் பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொல்லி, விடாமல் தடவினால் சரியாகிவிடும் என்று தடவிவிட்டான்.

ஊர் குளிர்ந்தது. அதோடு ஊருக்கு நல்ல புத்தியும் வந்துவிட்டது போல இருந்தது, யாரும் ரசம் கொண்டுவரவில்லை, ஜன்னலுக்கடியில் யாரும் பச்சையாகப் பேசவில்லை, வழியில் பார்த்தால் எல்லோரும் ஒதுங்கி நின்று, நல்லாருக்கீங்களா அம்மிணி என்று மரியாதையாகக் கேட்டார்கள். இவர்களைப் போய்த் தப்பாக நினைத்துவிட்டோமே என்று அந்தப் பைத்தியக்காரி வருத்தப்பட்டாள்.

எரிச்சல் கண்ணுக்குள் இறங்கிய பிறகு, தறியை விட்டு வரமுடியாது என்று குழந்தைவேல் சொல்லிவிட்டதால், தனியாகவே ஈரோட்டுக்குப் போனாள். டாக்டர் விளக்கை இழுத்துவைத்து ஒரு பார்வை பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். இது ஸ்டீராய்டு பூசின முகம், எத்தனை நாளாகப் பூசுகிறீர்கள் என்று கேட்டார். மகுடேஸ்வரிக்குக் கோபம் வந்தது. நீங்கள் கொடுத்ததைத் தவிர வேறு எதையும் தொட்டதில்லை என்று சொல்லி, களிம்பை எடுத்து மேஜைமேல் வைத்தாள். டாக்டர் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார், பிறகு அந்த டியூபின் வாலைத் திருப்பிப் பார்த்தார்.

"கம்பெனியில மடிச்சு வர்ற வால்ல தேதி அழுத்தி இருக்கும்," என்றார் மெதுவாக. "இதை யாரோ திறந்து, உள்ள இருந்ததை எடுத்துட்டு வேற அடைச்சுத் திரும்ப மடிச்சிருக்காங்க. யார் மகுடேஸ்வரி?"

அவள் வாங்கிப் பார்த்தாள். வால் இரண்டு மடிப்பாக மடிக்கப்பட்டிருந்தது, மடிப்பின்மேல் குறட்டின் பல் வரிசையாகப் பதிந்து நடுவில் ஒரு பல் மட்டும் பதியாமல் இருந்தது. தறிக்கம்பியை முறுக்கும்போது அந்தப் பல் உடைந்துபோன கதையைக் குழந்தைவேல் அவளிடம் சிரித்துச் சிரித்துச் சொல்லியிருக்கிறான். பல் போன அந்தக் குறட்டைத்தான் எந்நேரமும் இடுப்பில் செருகிக்கொண்டு திரிகிறான். அவள் டியூபை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். வெளியே காத்திருந்த நோயாளிகள், ஏசியை அணைக்கச் சொல்லுங்கள், பல் கிட்டுகிறது என்று கதவைத் தட்டினார்கள்.

களிம்பை நிறுத்தினால் மாதக்கணக்கில் இன்னும் மோசமாக எரிந்துவிட்டுத்தான் அடங்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் சொல்லிப் புதிய மருந்து கொடுத்து அனுப்பினார். அவள் வந்த பஸ் நெருஞ்சிப்பாளையத்துக்குள் நுழைந்தபோது பொழுது சாயவில்லை, ஆனால் கத்திரி வெயிலுக்கு நடுவில் மார்கழி வந்து இறங்கியது. கடைகளில் தேங்காயெண்ணெய் பாட்டிலுக்குள்ளேயே உறைந்தது, நாய்கள் சுருண்டு படுத்தன, ஜனங்கள் கட்டில்களை வெளியே இழுத்துப்போட்டு, இப்படி ஒரு நாளை ஆயுசுக்கும் பார்த்ததில்லை என்று ஒருவரை ஒருவர் கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டார்கள். அர்த்தநாரி கோயிலில் சுண்டல் தாளிக்கச் சொன்னார். மகுடேஸ்வரியின் வயிற்றெரிச்சலில்தான் அவர்கள் குளிர்காய்கிறார்கள் என்று எவருக்கும் தோன்றவில்லை, தோன்றியிருந்தாலும் சுண்டல் தின்றிருப்பார்கள்.

அவள் கொட்டகைக்குள் வந்ததைப் பார்த்துக் குழந்தைவேல் தறியை நிறுத்திவிட்டுத் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு வந்தான். அவள் டியூபை அவன் முன்னால் பாவுப் பெஞ்சின்மேல் வைத்தாள், வால் அவன் பக்கம் பார்த்திருந்தது. அவன் அதைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான், பெஞ்சில் உட்கார்ந்தான்.

"எல்லா நாளு மண்டகப்படியையும் எனக்கே குடுத்துட்டாங்க அம்மிணி," என்றான். "நீ கதவச் சாத்திக்கிட்டே. உள்ள போறவன் நான் ஒருத்தன்தானேன்னு சொன்னாங்க. நல்லம்மாக்கா பேரன் கெடந்த கெடப்ப நீயும்தான் பாத்தே."

"பாத்தனுங்க. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்லீங்க."

"கேட்டா நீ முடியாதும்பே."

"முடியாதுங்கறதுக்கும் எம் மொகந்தானுங்களே."

அவன் நிறையப் பேசினான். கொஞ்சமாகத்தான் தடவினேன் என்றான், கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோகவில்லை என்றான், தடவும்போதெல்லாம் மனசுக்குள் ஆத்தாளை வேண்டிக்கொண்டேதான் தடவினேன், உனக்கு எரிந்த நாளெல்லாம் எனக்கும் தூக்கமில்லை என்றான். அதெல்லாம் உண்மையாகத்தான் இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது. அந்த விரலில் ஒரு நாளாவது ஒரு சொரசொரப்பு இருந்திருந்தால், ஒரு அவசரமாவது இருந்திருந்தால், அவளால் அவனைத் தாராளமாக வெறுத்திருக்க முடியும். அவன் அத்தனை பிரியமாகத் தடவியிருந்தான். ஊர் செய்தது கொடுமை, அதை அவள் கொடுமை என்றே கண்டு கதவைச் சாத்தினாள், இதற்குக் கண்ணை மூடிக்கொண்டு முகத்தை நீட்டியிருந்தாள். வேலியே பயிரை மேய்ந்த கதையைக் கேட்டிருக்கிறாள், வேலி பயிரைத் தடவிக் கொடுத்துக்கொண்டே மேய்ந்ததை இப்போதுதான் பார்க்கிறாள்.

பவானியில் எங்கள் பாவாயி அக்கா வீட்டுக்குப் போகிறேன், இனி வருவதாக இல்லை என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்த் துணிகளை எடுத்துப் பையில் வைத்தாள். அவன் பின்னாலேயே வந்தான். அவன் ஒன்று கேட்பான் என்று அவள் காத்திருந்தாள், நீ போய்விட்டால் நான் என்ன ஆவேன் என்று கேட்பான், கேட்டால் தன் மனசு என்ன சொல்லும் என்று அவளுக்கே நிச்சயமில்லாமல் இருந்தது, அதனால் புடவையை மெதுவாகவே மடித்தாள்.

"நீ போயிட்டா ஊரு என்னாவும் அம்மிணி?" என்று அவன் கேட்டான்.

அவள் திரும்பிப் பார்த்தாள். கேட்டுவிட்டு அவன் வாசல்நிலையில் சாய்ந்து நின்றிருந்தான், கழுத்தைத் துடைத்த துண்டை விரித்துத் தோளைச் சுற்றி இழுத்துப் போர்த்தியிருந்தான், போர்த்தியது அவனுக்கே தெரியவில்லை.

"குளுருதுங்களா?" என்றாள் மகுடேஸ்வரி.

அவன் துண்டைக் குனிந்து பார்த்தான். எடுக்கவும் முடியவில்லை, போர்த்தியிருக்கவும் முடியவில்லை, அப்படியே நின்றான். அவள் பையைத் தூக்கிக்கொண்டு அவனைக் கடந்து போனாள்.

தெரு முழுக்கக் கட்டில்கள் கிடந்தன, அவள் வருவதைப் பார்த்து எல்லோரும் காலை மடக்கி வழிவிட்டார்கள். நல்லம்மாள் பேரனைக் கம்பளியில் சுற்றி மடியில் வைத்திருந்தாள், குழந்தை சுண்டலை மென்றுகொண்டிருந்தது, தலையில் கட்டிகள் வற்றியிருந்தன. மகுடேஸ்வரி ஒரு நிமிஷம் நின்று அவன் தலையைத் தடவிக் கொடுத்தாள். இன்னைக்காட்டத் தெனமும் குளுகுளுன்னு இருக்கோணும் கண்ணு என்று நல்லம்மாள் சொன்னாள். ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போடுங்கக்கா, கட்டி ஆறிவிடும் என்று சொல்லிவிட்டு அவள் நடந்தாள். ஊருக்குக் கையெடுத்துக் கும்பிட வேண்டுமா என்று யோசித்தாள், வேண்டாம் என்று விட்டுவிட்டாள்.

பவானி பஸ்ஸில் மேற்கு வெயில் விழாத பக்கமாகப் பார்த்து உட்கார்ந்தாள். ஏறிய கொஞ்ச நேரத்தில் பஸ்ஸுக்குள் ஒவ்வொருவராக ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டார்கள், கண்டக்டர் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார், பக்கத்து சீட்டுப் பெண் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, வெயில் காலத்தில் இதென்ன குளிர் என்று முனகினாள். மகுடேஸ்வரி மட்டும் கண்ணாடியைத் திறந்து முகத்தைக் காற்றுக்குக் கொடுத்தாள். இனி மாதக்கணக்கில் எரியப்போகிறது, அது அவளுக்குத் தெரியும், ஆனால் எப்போது எரிகிறது, எதனால் எரிகிறது, என்ன செய்ய வேண்டும் என்பதை இனி அவளே பார்த்துக்கொள்வாள், அந்த முகத்தைத் தடவ அவள் கை போதும். கண்ணிலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருந்தது, அவள் துடைக்கவில்லை, ஊரின் கடைசித் தறிக்கொட்டகை போயிற்று, கரும்புக்காடு வந்தது, கரும்புக்காடும் போயிற்று.

காவிரிப் பாலம் ஏறும்போது முன்சீட்டுக்காரர் கண்ணாடியை இறக்கினார். அவருக்குப் பின்னால் இன்னொருவர் இறக்கினார், கண்டக்டர் காலரைத் தளர்த்தி டிக்கெட் அட்டையால் விசிறிக்கொண்டார், பாலத்தின் நடுவில் போவதற்குள் எல்லா ஜன்னலும் திறந்துவிட்டது. பக்கத்து சீட்டுப் பெண் போர்த்தியிருந்த முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்தாள்.

"என்ன வேக்காடு," என்று சலித்துக்கொண்டாள்.

"ஆமாங்க," என்றாள் மகுடேஸ்வரி. நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், எரிச்சல் குறையவில்லை, ஆனால் எல்லோரையும் போல அவளுக்கும் வியர்த்திருந்தது.